விட்டு விட்டு வரும் நாடி: சோதனை எல்லாம் நார்மல், தொல்லை மட்டும் போகவில்லை

கேள்வி, ஜூன் 3

வயது 34. சில மாதங்களாக நெஞ்சில் திடீரென ஒரு துடிப்பு நின்று, அடுத்த நொடி 'தொம்' என்று ஒரு அடி விழுகிறது. ராத்திரி படுத்தால் அதிகம். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஒரு நாள் முழுக்க உடம்பில் கட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டரில் 'அவ்வப்போது விபிசி' என்று போட்டிருக்கிறார்கள். டாக்டர் "ஒன்றுமில்லை, போங்க" என்கிறார். ஒன்றுமில்லை என்றால் ஏன் வருகிறது? ஒரு துடிப்பை விடுகிற இதயம் ஒருநாள் மொத்தமாக நின்றுவிடாதா? இதோடு வாழ்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

எனக்கு இது பல வருடப் பழக்கம். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதயம் எந்தத் துடிப்பையும் விடவில்லை. ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணுதான் தாளம் போடுகிறது. ஆனால் இதயத்தின் மற்ற இடங்களில் உள்ள செல்களும் சில சமயம் தானாக மின்துடிப்பைக் கிளப்பும். கீழறையில் ஒரு சின்னக் கூட்டம் முறை வருமுன் கிளப்பினால் அது விபிசி. மேலறையில் கிளம்பினால் ஏபிசி. மொத்தமாக எக்டோபிக் என்பார்கள். அது வரும்போது கீழறை இன்னும் சரியாக நிரம்பியிருக்காது. அரைகுறையாக நிரம்பிய அறை சுருங்கினால் கொஞ்சம் ரத்தம்தான் வெளியேறும். மணிக்கட்டில் விரல் வைத்திருந்தால் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது. அதன் பின் வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் அறை தாராளமாக நிரம்பும், அதனால் அடுத்த சுருக்கம் பலமாக விழும்.

நீங்கள் சொல்கிற 'தொம்' அதுதான். தூக்கிவாரிப் போடுகிற அந்த அடி முறையாக வந்த நல்ல துடிப்பு. முந்திக்கொண்டு வந்தது சத்தமில்லாமல் நழுவிவிட்டது. இது புரிந்த பிறகு என் பயம் பாதி குறைந்தது. மீதிப் பாதி குறைய ரொம்ப நாள் ஆனது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 4

ராத்திரி சமாசாரம் விட்டுப்போனது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயத்தின் நுனி நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், ஒவ்வொரு அடியும் விலா எலும்பில் தெரியும். வலது பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். எக்டோபிக் நிற்காது, ஆனால் உங்களிடம் வந்து சொல்லாது. இன்னொன்று, ஓய்வில் நாடி மெதுவாகும்போது துடிப்புகளுக்கு இடையில் இடம் கூடுகிறது, முந்திக்கொண்டு நுழைய அதற்கு வாய்ப்பும் கூடுகிறது. பகலில் நடமாடும்போது காணாமல் போய், சோபாவில் சாய்ந்ததும் ஆரம்பிப்பது பலருக்கும் இதனால்தான்.

ஜூன் 4, மாலை

ஒருவர் "காபியை விட்டேன், அத்தோடு போச்சு" என்று எழுதியிருக்கிறார். போயிருந்தால் சந்தோஷம். ஆனால் எல்லாருக்கும் அப்படி நடக்காது.

2023-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான 100 பேர் உடம்பில் ஈசிஜி ஒட்டுப்பட்டை, கையில் பட்டை. இரண்டு வாரத்துக்குத் தினமும் செல்பேசியில் ஒரு செய்தி வரும்: இன்று காபி குடி, இன்று குடிக்காதே. மேலறை எக்டோபிக் காபி நாளில் சராசரி 58, குடிக்காத நாளில் 53. அதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது. கீழறை எக்டோபிக் மட்டும் 154-க்கு 102. ஆக, விபிசி இருப்பவர்களுக்குக் காபி கொஞ்சம் கூட்டலாம், ஏபிசி இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். காபி நாளில் அவர்கள் சுமார் ஆயிரம் அடி கூடுதலாக நடந்தார்கள், அரை மணி நேரத்துக்கும் மேல் குறைவாகத் தூங்கினார்கள்.

எனக்குக் காபியை விட்ட வாரத்தில் தலைவலியும் எரிச்சலும் வந்தன. எக்டோபிக் அசையவே இல்லை. திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டேன். தூக்கம் கெட்டால்தான் எனக்கு மறுநாள் படபடவென்று இருக்கும். மது விஷயம் வேறு. இரவு நிறையக் குடித்தவர்களுக்கு மறுநாள் மேலறை தாளம் தப்பி மருத்துவமனைக்கு வருவதை 1978-லேயே டாக்டர்கள் எழுதி வைத்து, 'விடுமுறை இதயம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஜூன் 6

ஹோல்ட்டர் கட்டிக்கொண்ட கதையைச் சிலர் கேட்டார்கள்.

முதலில், கருவியைத் திட்டாதீர்கள். நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் முதலில் செய்தது முதுகில் சுமக்கும் 38 கிலோ மூட்டை. இன்று அது ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. ஒட்டுப்பட்டை அரிப்பது மட்டும் இன்னும் தீரவில்லை.

கட்டும்போது ஒரு பட்டனும் ஒரு தாளும் கொடுத்தார்கள். நெஞ்சில் ஏதாவது தோன்றினால் பட்டனை அழுத்தி, நேரத்தையும் அப்போது என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். நான் நல்ல மாணவன் மாதிரி தாள் நிறைய எழுதினேன். அறிக்கை வந்தபோது டாக்டர் தாளையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நான் பட்டன் அழுத்திய பல இடங்களில் தாளம் சுத்தமாக இருந்தது. சைனஸ் கணுவின் வழக்கமான தாளம், கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மதியம் நான் கணக்கு வழக்கில் மூழ்கிக் கிடந்த நேரத்தில் எக்டோபிக் வரிசையாக வந்திருக்கிறது. அந்த நேரத்துக்குத் தாளில் ஒரு வரி கூட இல்லை.

எவ்வளவு வருகிறது என்பதும் எவ்வளவு தொல்லை தருகிறது என்பதும் ஒன்றாகப் போவதில்லை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வந்தும் தெரியாமல் ஓடியாடுகிறவர்கள் உண்டு. முப்பது வந்து முப்பதையும் அனுபவித்துத் தவிக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. டாக்டர் பார்ப்பது வரைபடம், நாம் சொல்வது தொல்லை. அவர் "ஒன்றுமில்லை" என்றதும் நமக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அவர் சொன்னதிலும் பொய் இல்லை, நாம் பட்டதிலும் பொய் இல்லை.

ஜூன் 6, இரவு

'தீப்பெட்டி என்றால் பெரிய தீப்பெட்டியா, சின்னதா' என்று ஒருவர் கேட்கிறார். பெரியது. திருப்தியா?

ஜூன் 8

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்போ நானும் டெஸ்ட் எடுக்க வேண்டாம், இது எல்லாருக்கும் இருப்பதுதானே" என்கிறார். அய்யா, அப்படி எங்கும் எழுதவில்லை. 24 மணி நேரம் பதிவு செய்தால் நல்ல இதயம் உள்ளவர்களிடமும் பெரும்பாலும் எக்டோபிக் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுடையது அந்த வகையா என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது ஈசிஜியும் எக்கோவும் ஹோல்ட்டரும்தான். நானோ, உங்கள் மைத்துனரோ சொல்ல முடியாது.

சும்மா இருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. மயங்கி விழுந்தால், அதுவும் ஓடும்போது அல்லது படியேறும்போது விழுந்தால், காத்திருக்கவே வேண்டாம். படபடப்போடு நெஞ்சுவலியோ மூச்சு வாங்குவதோ வந்தாலும் அப்படித்தான். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த இதயம், பலவீனமான இதயம் என்றால் அதே எக்டோபிக்குக்கு வேறு அர்த்தம். உழைப்பு கூடக் கூட எக்டோபிக் கூடினாலும் சொல்ல வேண்டும். மறைவது நல்ல அறிகுறி.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு இதயம் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அதில் 10 சதவீதத்துக்கு மேல் விபிசி என்றால், அதாவது பத்தாயிரத்தைத் தாண்டினால், டாக்டர்கள் எக்கோவை அவ்வப்போது திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். நாள்பட இவ்வளவு வந்தால் சிலருக்குக் கீழறையின் பலம் குறைகிறது. 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. எக்டோபிக்கை அடக்கினால் பலம் பெரும்பாலும் திரும்பி வரும் என்பது இதில் நல்ல செய்தி.

கேள்வி கேட்டவருக்கு: 'அவ்வப்போது' என்று எழுதியிருந்தால் உங்களுடையது இந்தப் பக்கத்திலேயே இல்லை. இருந்தாலும் அறிக்கையில் சதவீதம் போட்டிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள்.

ஜூன் 9

தைராய்டு, ரத்தசோகை, பொட்டாசியம், மெக்னீசியம். இந்த நான்கையும் ரத்தத்தில் பார்த்தாயிற்றா? 'ரத்தப் பரிசோதனை நார்மல்' என்றால் சில இடங்களில் சர்க்கரையும் கொழுப்பும் மட்டும்தான். குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறவராக இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்னீசியம் மாத்திரை பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். குறைவாக இருந்தால் ஈடு செய்வது அவசியம். குறைவில்லாத எனக்கு அது வயிற்றைக் கலக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

ஜூன் 11

"என் கைக்கடிகாரம் நாடி 38 என்று காட்டுகிறது, தலைசுற்றல் எதுவும் இல்லை, நான் சாகப்போகிறேனா?"

இதை எழுதியவர் பதற்றத்தில் எழுதியிருக்கிறார், சிரிக்கக் கூடாது. ஆனால் இதே எண் என்னையும் ஒருமுறை நள்ளிரவில் எழுப்பி உட்கார வைத்தது. நடப்பது இதுதான். சில நேரம் ஒரு நல்ல துடிப்பு, ஒரு எக்டோபிக், ஒரு நல்ல துடிப்பு, ஒரு எக்டோபிக் என்று மாறி மாறி வரும். பைஜெமினி என்பார்கள். எக்டோபிக் மணிக்கட்டு வரை எட்டாது என்று மேலே எழுதினேன் அல்லவா? கடிகாரம் தோலுக்கடியில் ரத்தம் வருவதை ஒளியால் பார்த்துத்தான் எண்ணுகிறது. எட்டாததை அது எண்ணாது. இதயம் 76 துடிக்கிறது, கடிகாரம் 38 என்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும், ரத்த அழுத்தக் கருவியும் இதே போல ஏமாறும். காதில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் அல்லது ஈசிஜி எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆனாலும் 38 என்பது நிஜமாகவே 38 ஆக இருக்கும் நோய்களும் உண்டு. அதனால் ஒருமுறை ஈசிஜி எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு கடிகாரத்தில் மணி மட்டும் பாருங்கள்.

ஜூன் 11, சற்று பிறகு

கடிகாரம் 'ஒழுங்கற்ற தாளம்' என்று எச்சரித்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது தேடுவது நம் எக்டோபிக்கை அல்ல, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை. அதில் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும், நாடியில் எந்த ஒழுங்கும் பிடிபடாது. தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் கணக்குப் போட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தேவையா என்று முடிவு செய்வார்கள். சிலருக்கு அது வந்தது கூடத் தெரியாது. தொல்லை தராததுதான் அங்கே ஆபத்து. நம் கதைக்கு நேர் எதிர்.

ஜூன் 14

"இதை அடக்க மாத்திரை இருக்கும்போது டாக்டர் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

1980-களில் டாக்டர்களும் உங்களைப் போலவே நினைத்தார்கள். மாரடைப்பு வந்தவர்களில் விபிசி அதிகம் உள்ளவர்கள் அதிகம் இறக்கிறார்கள், ஆகவே விபிசியை மருந்தால் அடக்கினால் உயிர் பிழைப்பார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அதைச் சோதித்துப் பார்க்க காஸ்ட் என்ற ஆய்வு நடந்தது. ஃபிளகெய்னைடு, என்கெய்னைடு என்ற இரண்டு மருந்துகள். இரண்டுமே விபிசியை நன்றாக அடக்கின. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம அளவு ஆட்கள். 1989-ல் இந்த இரண்டு மருந்துகளின் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

வரைபடம் சுத்தமாகிக்கொண்டே வந்தது, ஆட்கள் இறந்துகொண்டே இருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு டாக்டர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஃபிளகெய்னைடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, இதயத்தில் வேறு கோளாறு இல்லாதவர்களுக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

பெரும்பாலும் முதலில் தருவது பீட்டா பிளாக்கர். மெட்டோப்ரொலால், பைசோப்ரொலால் வகை. அட்ரினலினின் விரட்டலைக் குறைக்கும். எனக்குக் கொடுத்தார்கள். எண்ணிக்கை பெரிதாக இறங்கவில்லை. ஆனால் 'தொம்' மழுங்கிவிட்டது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. பதிலுக்குக் கை கால் சில்லிட்டது, படியேறினால் கால் கனத்தது, கனவுகள் வண்ணத்தில் வந்தன. ஒரு கட்டத்தில் கனவைவிட எக்டோபிக் பரவாயில்லை என்று தோன்றி, டாக்டரிடம் சொல்லி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினேன். திடீரென நிறுத்தக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஜூன் 15

அபிலேஷன் பற்றிக் கேட்டவருக்கு. தொடை வழியாகக் குழாய் விட்டு, முந்திக்கொண்டு கிளம்பும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சுடுவது. எல்லா விபிசியும் ஒரே இடத்திலிருந்து வந்தால், அதுவும் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் வெளியேறும் பாதையிலிருந்து வந்தால், நல்ல பலன் தரும். அன்று எக்டோபிக் வராவிட்டால் தேடுவதே கஷ்டம். அன்றைக்குப் பார்த்து அது சமர்த்தாக இருந்துவிடும் என்று செய்துகொண்ட ஒருவர் எழுதியிருக்கிறார், நம்புகிறேன். எண்ணிக்கை குறைவாக உள்ளவர்களுக்கு இதைச் செய்ய டாக்டர்கள் தயங்குவது நியாயம்தான்.

ஜூன் 19

மீதிப் பாதி பயத்தைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

"கண்டுகொள்ளாதே" என்று எல்லாரும் சொல்வார்கள். நெஞ்சுக்குள் மீன் துள்ளும்போது எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது? அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு நாள் இதைக் கடன் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. வந்ததும் பயம், பயத்தில் அட்ரினலின், அட்ரினலினில் இன்னும் நாலு. இந்தச் சுற்றை மனவுறுதியால் அறுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. முயன்று பார்த்து, 'இதோ நான் கண்டுகொள்ளவில்லை' என்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

எனக்கு உதவியது வேறு. நாடி பிடிப்பதை நிறுத்தினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை கழுத்துக்குப் போகும். "யாரைக் கழுத்தை நெரிக்கப் பழகுகிறாய்?" என்று வீட்டில் கேட்டபோதுதான் எவ்வளவு அடிக்கடி போகிறது என்று தெரிந்தது. கழுத்தில் அழுத்துவது நல்லதும் இல்லை. அங்கே இருக்கும் நரம்பு முனைகளை அழுத்தினால் நாடி மெதுவாகும், சிலருக்கு மயக்கம் கூட வரும். கை கழுத்துக்குப் போகும்போதெல்லாம் அதை இறக்கி ஏதாவது ஒரு பொருளைப் பிடிக்க வைத்தேன். பேனா, சாவி, எதுவானாலும். சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. வேலை செய்தது.

அடுத்து, வந்ததும் எழுந்து நடப்பது. நாடி கொஞ்சம் ஏறினால் இடைவெளி சுருங்கி எக்டோபிக்குக்கு இடமில்லாமல் போகும். எனக்குப் பத்து முறையில் ஏழெட்டு முறை பலிக்கும். பலிக்காத நாளில் நடந்ததாவது மிச்சம்.

ஜூன் 20

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மனப்பதற்றத்துக்குத் தனியாக மருத்துவம் பார்த்தவர்கள் இரண்டு பேர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள். இருவருக்கும் எக்டோபிக் அப்படியேதான் இருக்கிறதாம், ஆனால் வாழ்க்கை திரும்பி வந்துவிட்டதாம். "எல்லாம் உன் மனசுதான்" என்று தட்டிக்கழிப்பது வேறு, இது வேறு. துடிப்பு நிஜம். அதைக் கேட்டுக்கேட்டுக் கூர்மையாகிப்போன காதுக்கு வைத்தியம் பார்க்கிறோம், அவ்வளவுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 24

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். சதவீதம் ஒன்றுக்கும் கீழேயாம், பொட்டாசியம் சரி, தைராய்டு சரி. ஓடலாமா என்கிறார். உங்கள் டாக்டர் எக்கோவைப் பார்த்துவிட்டு ஓடலாம் என்று சொல்லியிருந்தால் ஓடுங்கள். ஓடி முடித்து மூச்சு இறங்கும்போது இரண்டு மூன்று துள்ளலாம், எனக்கும் அப்போதுதான் வரும். நின்ற இடத்தில் உட்காராமல் மெதுவாக நடந்து முடியுங்கள். அடிக்கடி கொத்தாக வந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள், டிரெட்மில் சோதனை வைத்துப் பார்ப்பார்.

ஜூன் 26

மருந்துக்கடை விஷயம் ஒன்று. மூக்கடைப்புக்குக் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் நாடியையோ ரத்த அழுத்தத்தையோ கூட்டும் மருந்து கலந்திருக்கும். சூடோஎஃபெட்ரின், ஃபீனைலெஃப்ரின் என்று அட்டையில் பாருங்கள். ஆஸ்துமா இன்ஹேலரும் சிலருக்குப் படபடப்பைத் தரும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், மூச்சு முக்கியம், டாக்டரைக் கேளுங்கள். பல் பிடுங்கும்போது போடும் மரத்துப்போகும் ஊசியிலும் பெரும்பாலும் அட்ரினலின் இருக்கும். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டால் அதுதான் காரணம், சில நிமிடத்தில் அடங்கிவிடும். நான் முன்கூட்டியே சொன்னேன். பல் டாக்டர் அட்ரினலின் இல்லாத ஊசியை எடுத்து, "இது சீக்கிரம் தெளிந்துவிடும், நடுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு வேகமாக வேலையை முடித்தார்.